தலை தட்டாத டம்ளர்

மாலை 4.40. நாகல் நகர் மளிகைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார்.

“அண்ணாச்சி, இது நெறைய ரவை எத்தனை கிராம்?”

“எதுக்கு?”

“பெங்களூர்ல மக கேசரி கிண்டப் போறா. அவ அம்மா கணக்கெல்லாம் இந்த டம்ளர்தான். அவகிட்ட தராசு இருக்கு, இந்த டம்ளர் இல்ல. ஆறு மணிக்கு அவ மாமியார் மொதத் தடவையா வாராங்க.”

கடைக்காரர் தலை தட்டி நிறுத்து, டம்ளர் எடையைக் கழித்தார். “நூத்தம்பது.”

“தட்டாதீங்க. அவ அம்மா குவிச்சுத்தான் போடுவா.”

அவருடைய செல்போன் ஸ்பீக்கரில் மனைவியும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் என்னைக்குக் குவிச்சேன்?” என்றார் மனைவி.

“இருபத்தஞ்சு வருசமாக் குவிக்கிற. உனக்கே தெரியல.”

மகள் கத்தினாள். “அய்யோ அப்பா, அதான் நேத்துக் கிண்டுனது பாயசமாப் போச்சு!”

வரிசையே சிரித்தது.

குவித்த டம்ளரில் ரவை நூற்றுத் தொண்ணூறு கிராம் இருந்தது.