எதிர்க் கட்டடம்

அதுக்கு ஏம்மா அழறீங்க? திருப்பி அனுப்பிட்டாங்கன்னா முடியாதுன்னு அர்த்தமில்ல. அது அவங்க வேலை இல்லைன்னு அர்த்தம். உக்காருங்க. இந்தப் பக்கமா வாங்க, அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம்.

பையன் தூங்கறானா? தோள்லயே இருக்கட்டும், மடியில போட்டா முழிச்சிடுவான். உங்களை நம்ம டாக்டரம்மா கிட்ட பார்த்திருக்கேன். எங்க வீட்டு வாண்டுக்கும் இதே வியாதி, இதே ஊசி மருந்துதான். வெளிநாட்டுலேர்ந்து வரணும், கவர்மெண்டுதான் வாங்கித் தரணும்.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா, கவர்மெண்டுன்னா ஒரு ஆளுன்னு. ஒருத்தர்கிட்ட அழுதா போதும்னு. கான்வென்ட்ல பாடமா படிச்சதுதான். மேல அமைச்சகம், கீழ துறை, அதுக்கும் கீழ வாரியம். படம் வரைஞ்சு மார்க்கெல்லாம் வாங்கினேன். அந்தப் படத்துல ஒண்ணுக்கொண்ணு கோடு போட்டிருக்கும். இங்க வந்து பார்த்தா அந்தக் கோடே நாமதான். நாமதான் நடக்கணும்.

இந்த மருந்து நல்லதான்னு மட்டும்தான் சுகாதாரத் துறை சொல்லும். நாட்டுக்குள்ள கொண்டு வரலாமான்னு வர்த்தகத் துறை சொல்லணும். வந்த பெட்டியைப் பிடிச்சு வெச்சுக்கறது சுங்கம், அது நிதி அமைச்சர் கீழ. பெட்டி இருக்கிற குளிர் அறை துறைமுகத்தோடது, அதுக்கு வேற அமைச்சர். ஒரே வீட்டுல நாலு மருமக, நாலு அடுப்பு. ஒருத்திக்கு உப்பு தீர்ந்தா இன்னொருத்தியைக் கேக்க மாட்டா, மாமியார்கிட்ட சொல்லி அனுப்புவா. மாமியாருக்குக் காது மந்தம்.

சிரிக்கிறீங்களே, அது போதும்.

கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். வர்த்தகத் துறையில ஒரு கண்ணாடிக்காரர், டீ வாங்கிக் குடுத்து என் அழுகையை நிறுத்தினார். கையெழுத்து மட்டும் போடல. அது பக்கத்து மேஜைக்காரம்மா பொறுப்பாம், அந்தம்மா லீவு. அவங்க வர்றதுக்குள்ள சுகாதாரத் துறை குடுத்த அனுமதி காலாவதியாயிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து. நான் அலைய ஆரம்பிச்சப்ப வாண்டு தானா எழுந்து உக்காருவா. அப்புறம் தலைகாணி முட்டுக் குடுத்தா உக்காருவா.

இல்ல இல்ல, கிடைச்சிடுச்சு. இன்னைக்குக் காலையிலதான் சுங்கத்துல விட்டாங்க. இதோ என் மடியில இருக்கே, இந்தப் பெட்டிதான். தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும். எல்லா ஊசியும் இதுல இருக்கு.

பிடிங்க.

பிடிங்கம்மா. உங்க பையனுக்குத்தான். மெதுவா பேசுங்க, பியூன் இந்தப் பக்கமே பார்க்கறார். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், அளவுகூட ஒண்ணுதானாம். சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. நீ எதுக்குக் கேட்டேன்னு என் காதுல விழலம்மான்னாங்க. நேரா அவங்ககிட்டயே கொண்டு போய்க் குடுங்க. வழியில எங்கேயும் வெயில்ல வெச்சிடாதீங்க.

அவளுக்கா? அவளுக்கு இனிமே வேண்டாம்மா. போன மாசமே போயிட்டா. காய்ச்சல்தான் வந்துது. ஒரே ராத்திரி.

இங்க யாருக்கும் தெரியாது. எதிர்க் கட்டடத்துலதான் போய்ப் பதியணும், அது உள்துறையோடது. நான் இன்னும் போகல. அங்க சொல்லிட்டா அவளோட அடையாள நம்பர் எல்லாத் துறையிலயும் அன்னைக்கே ரத்தாயிடுமாம். அந்த ஒரு சேதியை மட்டும் இவங்க ஒருத்தருக்கொருத்தர் உடனே சொல்லிக்கிறாங்க. அப்புறம் அவ பேர்ல வந்த மருந்தைத் திருப்பி வாங்கி அழிச்சிடுவாங்க.

வீட்டுக்காரர் தினம் கேக்கறார், எப்பப் பதியப் போறேன்னு. நாளைக்குன்னு சொல்லிட்டே இருக்கேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு.

என் நம்பரை எழுதிக்கோங்க. இவனுக்குக் கடைசி ஊசி போட்டதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, பேசக்கூட வேண்டாம். அப்புறம் நான் போய்ச் சொல்லிடறேன்.