செங்கல் வரிசை

எங்கள் மண்டபத்துக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அரியாலையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை வரும்போதெல்லாம் இரண்டு போத்தல் நிறைத்துக்கொண்டு போவாள். அங்கே தண்ணீர் உவர். நீங்கள் இப்போது குடித்த தேநீரும் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான், ஐயா.

நீங்கள் எழுதியிருப்பதில் பிழை இல்லை. சின்னாச்சி, வயது இருபத்தாறு, விமானக் குண்டுவீச்சில் மரணம். இந்த அகதி முகாமுக்கு அரசாங்க உதவியைத் தொடரலாமா என்று பார்க்க வந்த உங்களுக்கு அவ்வளவும் போதும். நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டைக்குத் தப்பிப் பலாலிப் பக்கத்துச் சனம் புத்தூர் றோட்டால் நடந்து வந்தபோது, எங்கள் மாதர் சங்கம் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்டது. நான் செயலாளர். இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவள். முதல் வாரம் வீடு வீடாக அரிசி தண்டிச் சமைத்தோம். பிறகு அரசாங்க உதவி கிடைத்தது. அரிசி, மா, பருப்பு, கொட்டில் போடத் தென்னோலைக் கிடுகு. நிபந்தனை இரண்டு. முப்பது குடும்பத்துக்குக் குறையக்கூடாது. ஒருவரிடமும் பேதம் காட்டக்கூடாது. இரண்டையும் வாசித்துத்தான் ஒப்பமிட்டேன்.

மண்டபத்தில் முப்பத்தொரு குடும்பம், எல்லோரும் சொந்த நிலம் வைத்திருந்த கமக்காரர். மூன்றாம் வாரம் இன்னும் ஐந்து குடும்பம் வந்தது. பிறருடைய புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். எங்கள் ஊர்களில் கிணற்றைத் தொட விடப்படாதவர்கள். பின்வளவில் கொட்டில் போட்டுக் கொடுத்தேன். அதை ஒருவரும் தடுக்கவில்லை. அன்று பின்னேரம் செல்வநாயகி வந்தாள். மண்டபத்துப் பெண்கள் அவள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

"ரீச்சர், சாப்பாட்டை ஆருக்கெண்டாலும் குடுங்கோ. கிணத்திலை உவையள் கை வைச்சால் நாங்கள் பாயைச் சுருட்டுறம்."

"சுருட்டிக்கொண்டு எங்கை போவியள்?"

"எங்கையெண்டாலும். வீடுவாசலை விட்டிட்டு வந்து நிக்கிறம். எங்கடை வழக்கத்தையுமோ விடச் சொல்லுறியள்?"

அவளோடு பத்துக் குடும்பம் போனால் முப்பது இராது. முப்பது இல்லையென்றால் ஒருவருக்கும் அரிசி இல்லை. அந்த ஐந்து குடும்பத்துக்கும் இல்லை. அப்படித்தான் யோசித்தேன். இப்போதும் அந்த யோசனையில் எங்கே பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை.

கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு வரிசை செங்கல் அடுக்குவித்தேன். அவர்கள் அதற்கு அப்பால் பாத்திரத்தை வைப்பார்கள். காலையும் மாலையும் நானே அள்ளி ஊற்றுவேன். சங்கத்தில் வேறு ஒருத்தியும் அதற்கு முன்வரவில்லை. கை கொப்பளித்தது. குடிக்க வேண்டுமென்றால் அவர்கள் குனிந்து இரு கையையும் ஏந்துவார்கள், நான் வாளியை உயர்த்திப் பிடித்து ஊற்றுவேன். எல்லோரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம் என்று உங்களுக்கு எழுதினேன். அது பொய்யில்லை.

சின்னாச்சி பகிடிக்காரி. "ரீச்சரின்ரை கையாலை தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கும் எழுத்து வரப்போகுது" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

நீங்கள் மறுநாள் வருவதாகக் கடிதம் கிடைத்த அன்று, ஜன்னலோரம் இருந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். காலைத் தண்ணீர் ஊற்றி முடிந்திருந்தது. அவள் செம்போடு செங்கல் வரிசையில் வந்து நின்றாள்.

"ரீச்சர், பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. ஒரு செம்பு ஊத்திவிடுங்கோவன்."

"பொறு, வாறன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள்.

"நில்லெண்டெல்லே சொன்னனான்" என்றேன்.

"நிண்ட இடத்திலை வேர் விடப்போகுது, ரீச்சர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கப்பியும் கயிறும் அவளிடமிருந்து பத்தடி தூரம். நான் 'பேதமின்றி' என்ற சொல் வரும் வசனத்தை முடித்துவிட்டு எழும்பலாம் என்றிருந்தேன்.

குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் கேட்டது. எல்லோரும் மண்டபத்தருகே வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓடினோம். நான் அறிக்கைக் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பங்கர் வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கேயே நின்றாள். மண்டபத்துப் பங்கருக்குள் வரலாம் என்று அந்த ஐந்து குடும்பத்துக்கும் ஒருவரும் சொன்னதில்லை. வரக்கூடாது என்றும் சொன்னதில்லை. நானும் கூப்பிடவில்லை. உள்ளே என் பக்கத்தில் ஓராள் இருக்க இடம் இருந்தது. அதில் அந்த அறிக்கைக் கோப்பை வைத்திருந்தேன்.

குண்டு வேலிக்கு அப்பால் வாழைத் தோட்டத்தில் விழுந்தது. கிணற்றுக்கு ஒன்றுமில்லை. நான்தான் முதலில் வெளியே வந்தேன். அவள் செங்கல்லின் மேல் சரிந்து கிடந்தாள். என்னை அடையாளம் கண்டாள்.

"தண்ணி, ரீச்சர்."

இந்தமுறை பொறு என்று சொல்லவில்லை. உடனே அள்ளினேன்.

நேற்று அவள் புருசன் மார்க்கண்டு உங்களிடம் என்ன சொன்னான் என்று நினைவிருக்கிறதா? "ரீச்சர் நல்லவ, ஐயா. கடைசி நேரத்திலையும் தன்ரை கையாலை தண்ணி அள்ளிக் குடுத்தவ." நான் பக்கத்தில்தான் நின்றேன். இரவு முழுக்க அவன் குரல்தான் காதில் கேட்டது. அதனால்தான் இன்று உங்களை மறித்து வைத்துக் கதைக்கிறேன்.

அவன் அப்போது அங்கே இல்லை. நான் அள்ளியது உண்மை. கொடுக்கவில்லை. அவள் உடனே செத்தாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேரம் இருந்தது, ஐயா. பக்கத்தில் குந்தி, தலையைத் தூக்கி, வாளியை வாயில் வைத்திருக்கலாம். அது கிணற்றுக்குள் இறங்குகிற வாளி. அதில் அவள் வாய் பட்டுவிடுமே என்று நான் நினைக்கவே இல்லை, சத்தியம் செய்வேன். ஆனால் என் கை வாளியை உயர்த்தியே பிடித்திருந்தது. அவள் கண் என்னைத்தான் பார்த்தது. அவளுடைய இரண்டு கையும் அசையவில்லை.

நான் நிறைவாளியோடு நின்றேன், அவள் கையேந்தட்டும் என்று.