மூன்று எழுத்துக் கறை

கணினித் திரையைத் துடைப்பதற்கு நிதானம் வேண்டும். முதலில் அணைத்து, சூடு ஆற விட வேண்டும். நீரை நேராகத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். கண்ணாடி துடைக்கிற திரவம் மேல்பூச்சை அரித்துவிடும். மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டுச் சுத்தமான நீர் போதும். அழுத்தாமல் மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். நான் மானிட்டர் பழுதுபார்ப்பவன். இருபது வருடமாக எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் அண்ணன் திரையில் இருந்த மூன்று கறைகள் எனக்குப் பிடிபடவில்லை. எப்படித் துடைத்தாலும் மறுநாள் மாலை அதே மூன்று இடங்களில் விரல் பசை இருக்கும்.

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது. வலக்கை ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. அண்ணி திரை நிறைய எழுத்துகளைப் பெரிதாகப் போட்டு வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றாகத் தொடுவார். பக்கத்தில் இருப்பவர் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அண்ணி வேலைக்குப் போனபின் நான்தான் துணை. என் பட்டறை அடுத்த அறையில். அவர் விரல் டொக், டொக்கென்று நாள் முழுக்கத் தட்டும். நுணுக்கமான வேலை செய்பவனுக்கு அந்தச் சத்தம் ஆகாது. மருத்துவர் இரவுக்கு அரைத் தூக்க மாத்திரை எழுதியிருந்தார். நான் பகலிலும் ஒன்று கொடுத்தேன். பிறகு இரண்டு. வெவ்வேறு கடைகளில் வாங்கிக்கொண்டேன். அண்ணி வரும்போது அவர் உறங்கிக்கொண்டிருப்பார். அண்ணி வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் சற்று முன்னதாகவே கொடுத்துவிடுவேன். நன்றாகத் தூங்கினார், வீடும் அமைதியானது.

ஒருநாள் துடைக்காமல் திரையைப் போட்டுப் பார்த்தேன். கறைகள் ம, த, ர மேல் உட்கார்ந்திருந்தன. தரம்? மரத்த? எதுவும் பொருந்தவில்லை. சாப்பிடும்போது அண்ணியிடம் கேட்டேன்.

“அண்ணன் எழுத்தைச் சேர்க்கிற கணக்கே புரியல அண்ணி.”

“அவர் சோம்பேறி தம்பி. கால், கொம்பு, புள்ளி எதையும் தொடமாட்டார். நாமதான் போட்டுப் படிச்சுக்கணும். ஒரு தடவை ‘க, ப’ன்னார். காபின்னு நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள அது ஆறிப்போச்சு.” சிரித்தவர், குரல் தணிந்து சொன்னார்: “இப்பல்லாம் நான் வந்தா தூங்கிட்டேதான் இருக்கார். சரி, என்ன எழுத்தைத் தொட்டார்? சொல்லுங்க, நான் படிக்கிறேன்.”

“ஞாபகமில்ல அண்ணி.”

அதற்குள் மனதில் கூட்டிவிட்டிருந்தேன். ம-வுக்குக் கால் போட்டேன். த-வை இரட்டித்து, ஒன்றுக்குப் புள்ளியும் மற்றதற்குக் கொக்கியும் போட்டேன். ர-வுக்குக் கொம்பு போட்டேன். மாத்திரை.

அன்றிலிருந்து பயம் என்னை விடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே துணியைத் தேடினேன். ஒரு மாலை அண்ணி சீக்கிரமே வந்துவிட்டார். தோள்பையைக்கூட இறக்காமல், தலையைச் சாய்த்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதென்ன தம்பி, திட்டுத்திட்டா?”

“நீங்க அவர் கையில தடவுற கிரீம் அண்ணி.”

“சரியாப் போச்சு. உங்களுக்கும் நான்தான் வேலை வெக்கிறேன். துடைச்சிடுங்க.”

துடைத்தேன். திரையை அணைக்கவில்லை, ஆற விடவுமில்லை. இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எழுத்துப் படத்தை எடுத்தால் அண்ணி கேட்பார். கையைக் கட்டினால் தடம் விழும். மூன்று நாள் யோசித்தேன். பிறகு திரை துடைக்கிற என் துணியிலேயே ஒரு துண்டை வெட்டி, விரலுக்கு உறை தைத்தேன். மாட்டிவிட்டபோது அண்ணன் விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வலித்திருக்காது. மிக மென்மையான துணி அது.

“விரல் சில்லுன்னு இருந்துச்சு அண்ணி,” என்றேன்.

“கூடப் பிறந்தவருக்குத்தான் இந்த அக்கறை வரும்,” என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரையை ஐந்தாக்கிய நாள்வரை, பதினொரு நாள், அண்ணன் அந்த மூன்று எழுத்துகளைத்தான் தட்டினார். தட்டத் தட்டத் திரை சுத்தமாகிக்கொண்டே வந்தது.