இடமிருந்து வலம், ஏழு

— நோன்பு வாயால என்னைத் திட்ட வெக்காதீங்க டீச்சரம்மா. நேராக் கேக்குறேன், நேராச் சொல்லுங்க. என் பத்திரிகை மெயிலுக்குள்ள பூந்து பாஸ்வேர்டை மாத்தினது நீங்கதானே?

— பாய், சத்தத்தைக் குறைங்கோ. கடப்பேரியில நீங்க கத்தறது சேலையூர்ல என் வீட்டுக்கே கேட்கும்.

— கேக்கட்டும்! நேத்துதான் புதுசா மாத்தினேன். இன்னைக்குக் காலைல அடிக்கிறேன், தப்பு தப்புன்னே வந்துகினு கீது. மலரோட உள்பக்கம் அத்தினியும் அந்த மெயில்லதான் கீது. பம்மல் பிரஸ்ல ஜெயவேலு மிஷினை நிறுத்திட்டுக் காத்துகினு கீறான். பன்னெண்டு மணிக்குள்ள பக்கம் போலன்னா கல்யாணப் பத்திரிகையை ஏத்திடுவான்.

— ஏத்தினா?

— ஏத்தினா இன்னாவா! இந்த வருஷம் தீபாவளியும் பெருநாளும் ஒரே வாரத்துல வருது. ரெண்டுக்கும் சேத்து ஒரே மலர்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அது ரெண்டுக்கும் இல்லாம மூணாம் நாள் வந்தா பஜ்ஜி மடிக்கத்தான் ஆவும். அதானே உங்களுக்கு வேணும்? கடப்பேரி முரசு கவுந்தா சேலையூர் சேதிக்குக் கொண்டாட்டம்!

— சிவ சிவா! என் பத்திரிகையை முடிச்சு அனுப்பிட்டு, இந்தப் பொண்ணு கூப்பிட்டாளேன்னு மழையில முழங்கால் தண்ணியில வந்தேன் பாருங்கோ, என்னைச் சொல்லணும்.

— சார், மேடம், ஒரு நிமிஷம். உங்க ரெண்டு பேரையும் ஒரே எடத்துக்கு வரச் சொன்னது நான்தான். புறநகர்ப் பத்திரிகை சங்கத்துல என்னை அனுப்பினதே ரெண்டு பத்திரிகையும் கம்ப்யூட்டரை எப்படிப் பத்திரமா வெச்சிருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கத்தான். ஆக்சுவலா, சண்டைக்கு ஜட்ஜா அனுப்பலை.

— நல்லதாப் போச்சு ஷாயிஸ்தாம்மா. இப்பவே ஒப்பிடு. நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. யாரு ஒழுங்கு, யாரு திருட்டுன்னு தெரிஞ்சிடும்.

— சரி சார், உங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன். பாஸ்வேர்டை மாசாமாசம் மாத்தறீங்களா?

— ஒரு மாசம் தவறினது இல்ல.

— எங்கயாவது சீட்டுல எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்களா?

— சேச்சே. நீயே பாரு, மானிட்டர் மேல ஒரு தூசு கீதா?

— பேரு, பொறந்த தேதி மாதிரி சுலபமான வார்த்தையா?

— அங்கதான் நிக்கிறேன் நான்! தமிழ் வார்த்தையை மனசுல வெச்சுக்குவேன். தமிழ் டைப்ரைட்டர்ல அடிக்கிற மாதிரியே இங்கிலீஷ் கீபோர்டுல அடிப்பேன். அம்மான்னு அடிச்சா எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு வரும். எந்தத் திருடனுக்காவது புரியுமா?

— வாவ் சார். ஆக்சுவலா சூப்பர். பக்கமெல்லாம் ஏன் மெயில்ல?

— மூணு வருஷம் முந்தி வைரஸ் வந்து கம்ப்யூட்டரையே தொடச்சிட்டுப் போயிட்ச்சு. அதுலேர்ந்து எல்லாம் மெயில்லதான். எங்கேர்ந்து வேணா எடுக்கலாம் பாரு.

— விதிப்படி முழு மார்க் சார். மேடம், இப்ப நீங்க. பாஸ்வேர்ட் எப்போ மாத்தினீங்க?

— கம்ப்யூட்டர் வாங்கின அன்னிக்கு வெச்சதுதான்.

— என்ன வார்த்தைன்னு கேக்கலை, எப்படிப்பட்ட வார்த்தைன்னு…

— சேலையூர்.

— மேடம், சொல்லக்கூடாது!

— சொன்னா என்ன, மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்கேன். கண்ணாடி இல்லாமலும் தெரியணும்னு பெரிசா.

— ஹா! ஹா! எழுதும்மா எழுதும்மா. முட்டை! தோசை சைஸ் முட்டை!

— இன்டர்நெட் லைன் எந்தக் கம்பெனி மேடம்?

— லைனே கிடையாதும்மா. பக்கத்தை சிடியில போட்டு, டிபன் பையில வெச்சு, பஸ்ல எடுத்துண்டு போய் பிரஸ்ல கையில கொடுத்துடுவேன். திருடணும்னா என் பையைத்தான் பிடுங்கணும். பிடுங்கிப் பார்க்கட்டும்.

— அப்போ மேடம், விதிப்படி பூஜ்யம். ஆனா ரிஸ்க்கும் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த மாதிரி ஒரு ரிசல்ட்டை நான் பாத்ததே இல்லை. சரி, சார், உங்ககிட்ட ஒரே ஒரு டவுட்.

— கேளும்மா.

— மாசாமாசம் மாத்தறீங்க. எங்கயும் எழுதறதில்லை. இந்த ஆபீஸ்ல நாலு பேர் அந்த மெயிலைத் தொறக்கணும். அவங்களுக்கெல்லாம் புது பாஸ்வேர்ட் எப்படித் தெரியுது?

— அது… அது வந்து தொழில் ரகசியம்.

— சார், மணி பதினொண்ணு.

— சரி, சிரிக்கக் கூடாது. ரெண்டு பேரும். நம்ம பின் அட்டையில குறுக்கெழுத்துப் போடறோமில்ல? நானே கட்டம் கட்டுவேன். அதுல இடமிருந்து வலம் ஏழுக்கு இன்னா விடையோ, அதான் அந்த மாச பாஸ்வேர்ட். யாரும் யார்கிட்டயும் வாயைத் தொறக்க வேணாம். எனக்கே மறந்துட்டாலும் கட்டத்தைப் பாத்தா வந்துடும்.

— சார்… எத்தனை காப்பி போடறீங்க?

— மூவாயிரம்.

— மெயில் அட்ரஸ்?

— அது முன் அட்டையில பெருசாக் கீது. வாசகர் கடிதம் வரணுமில்ல?

— அப்போ முன் அட்டையில வீட்டு அட்ரஸு, பின் அட்டையில சாவி. சார், விதிப்படி முழு மார்க் போட்டேனா? ரிஸ்க்குக்கும் முழு மார்க் போடறேன்.

— டீச்சரம்மா, சிரிக்க மாட்டேன்னு தலையாட்டினீங்களே!

— நான் எங்க பாய் சிரிச்சேன். இருமல். மழையில வந்தேனோல்லியோ.

— இருமலா அது? மூக்கால வருது! இருக்கட்டும். இப்ப இன்னா பண்றது? இதோ, காலைல வந்த புது அட்டை. நீயே பாரும்மா. இடமிருந்து வலம் ஏழு. “வெளியே முள்ளு, உள்ளே தேனு.” ஆறு கட்டம். பலாப்பழம். ப, லா, ப், ப, ழ, ம். கணக்கா ஆறு. அடிக்கிறேன், பாரு… ஜி, ஒய், ஹெச், ஜி, செமிகோலன், ஜி, ஓ, கே, செமிகோலன். பாத்தியா? தப்பாம்!

— ஒருவேளை விடை பலாப்பழம் இல்லையோ சார்?

— நானே வெச்ச விடைம்மா! பேஜாராக் கீது. யாரோ உள்ள பூந்து மாத்திட்டாங்க. டீச்சரம்மா, உங்க மேல சத்தியமா சந்தேகப்படலை, ஆனா நீங்கதான்.

— பாய். அந்த செமிகோலனை எடுங்கோ.

— இன்னாது?

— நடுவுல இருக்கற ‘ப்’பை எடுத்துட்டு அடிங்கோ. ஒத்து வேண்டாம். பலாபழம்.

— பலாபழமா? அது தப்புன்னு நீங்களே மேடையில…

— தப்புதான். அந்தத் தப்பைத்தான் நீங்க பாஸ்வேர்டா வெச்சிருக்கேள். அடிங்கோ, மணியாறது.

— ஜி, ஒய், ஹெச், ஜி, ஓ, கே, செமிகோலன்… யா அல்லா! தொறந்துட்ச்சு! ஷாயிஸ்தாம்மா, பக்கமெல்லாம் கீதும்மா! பெருநாள் பிரியாணி கீது, தீபாவளி மருந்து கீது, பீர்க்கன்கரணை ஏரி கட்டுரை கீது! ஹலோ, ஜெயவேலு? தொறந்துட்ச்சுடா! கல்யாணத்தை எறக்கு! இதோ அனுப்பறேன்… போவுது… போவுது… போயிட்ச்சு!

— அல்ஹம்துலில்லாஹ் சார். இப்ப மேடம். இதை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— அதை விடும்மா.

— விட முடியாது மேடம். ரிப்போர்ட்ல எழுதணும்.

— ஆமா, இன்னான்னு தெரிஞ்சாவணும். என் தலைக்குள்ள கீற தப்பு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பாய், நீங்க கட்டம் கட்டினப்போ அஞ்சு கட்டம்தான் போட்டிருந்தேள். பலாபழம். அட்டை அச்சுக்குப் போகறதுக்கு முன்னாடி நான்தான் ஒரு கறுப்புக் கட்டத்தை வெள்ளையாக்கி ஒத்தைச் சேர்த்தேன். மேலிருந்து கீழ் நாலையும் அதுக்கேத்தாப்ல மாத்தினேன். அது உங்க பாஸ்வேர்டையும் அடைக்கும்னு சத்தியமா யோசிக்கலை.

— நீங்க… என் மெயிலுக்குள்ள…

— எங்க வீட்டுக்குக் கீழே பிரவுசிங் சென்டர் இருக்கு. உங்க குறுக்கெழுத்தை நான் முதல் மாசத்துலேர்ந்து போடறேன் பாய். ஒரு நாள் ஏழாம் விடை மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு அசட்டுத்தனமா இருக்குன்னு தோணித்து. அடிச்சுப் பார்த்தேன். தொறந்துண்டுடுத்து. உள்ளே பார்த்தா “கடப்பேறி மக்களுக்கு வாழ்துக்கள்”னு முதல் பக்கம். எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

— ரெண்டு வருஷமா நம்ம பத்திரிகைல ஒரு பிழை கூட இல்லைன்னு ஊரே சொல்லிச்சே! போன வருஷம் சங்கத்துல எனக்குப் போர்த்தின பொன்னாடை!

— அதுக்குக் கைதட்டினதுல நான்தான் முதல் வரிசை.

— போட்டிப் பத்திரிகைக்கு எதுக்கு டீச்சரம்மா இந்த வேலை?

— என் வாசகர்கள் உங்களதையும் படிக்கறாளே. தப்புத் தமிழ் பழகிண்டு என் பத்திரிகைக்குத் திரும்பி வந்தா நான்னா சிரமப்படணும்? அப்புறம்… ஒரு ஊருக்கு ரெண்டு பத்திரிகை இருந்தாத்தான் பாய் சண்டை போட ஆள் இருக்கும்.

— அட போங்க டீச்சரம்மா. வெளியே முள்ளு, உள்ளே தேனு. நோன்பு தொறக்க இருந்துட்டுத்தான் போவணும் இன்னைக்கு. கஞ்சி அனுப்பச் சொல்றேன், சைவக் கஞ்சி. ஆனா ஒண்ணு கேக்கணும். மனசை உறுத்துது.

— கேளுங்கோ.

— போன மாசம் ஒன்பதாம் பக்கத்துல என் மழைக் கவிதை. நான் நாலு வரிதான் எழுதினேன். அச்சுல அஞ்சு வரி வந்துச்சு. “குடை ரெண்டிருந்தும் ஒன்றில் நடந்தோம்.” பொழிச்சலூர்லேர்ந்து படப்பை வரைக்கும் எத்தினி போனு! வெக்கத்தை விட்டு நான் எழுதினதுன்னே சொல்லிட்டேன். எவ்ளோ அழகா எழுதிட்டீங்க டீச்சரம்மா! அதுக்குத்தான் இந்த நன்றி.

— ஒன்பதாம் பக்கமா?

— ஆமா.

— பாய், உங்க கவிதைப் பக்கத்தை நான் தொடவே மாட்டேன். அதை மட்டும் தாண்டிப் போயிடுவேன். கவிதையில கை வெச்சா உங்க மனசு நோகும்னு.

— அப்ப… அது நீங்க இல்லையா?

— இல்லை.

— சார், மேடம்… அப்போ மூவாயிரம் பேர்ல வேற யாரோ ஒருத்தரும் உள்ள வந்துட்டுப் போறாங்க! பாஸ்வேர்டை இப்பவே மாத்துங்க. இந்த நிமிஷம். குறுக்கெழுத்துல வெக்கக் கூடாது.

— மாத்திடறேம்மா. மாத்தத்தான் வேணும். ஆனா மாத்திட்டா அந்த ஆளு எப்படி வருவாரு? ஹலோ, ஜெயவேலு? மிஷினை ஓட்டாத, அஞ்சு நிமிஷம். மூணாம் பக்கத்துல ஓரத்துல ஒரு எடம் காலியாக் கீதில்ல? எழுதிக்கோ. டீச்சரம்மா, சொல்றேன், ஒத்து விட்டா சொல்லுங்க.

— சொல்லுங்கோ பாய், கேட்டுண்டிருக்கேன்.

— “போன மாதம் ஒன்பதாம் பக்கத்து மழைக் கவிதைக்குக் கடைசி வரி எழுதிய அன்பு வாசகரே! சாவியை மாற்றிவிட்டோம், மன்னிக்கவும். இனிமேல் சாவி வேண்டாம், கதவைத் தட்டுங்கள், திறக்கிறோம். அந்த வரி என்னுடையதல்ல, உங்களுடையது. யார் நீங்கள்? இதைப் படித்ததும் தயவுசெய்து ஒரு வரி பதில் போடுங்கள்.”