எட்டடி மிச்சம்

— அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணி. ஊரே பள்ளம் வெட்டி முடிச்சாச்சு, உங்க வாசல்ல மட்டும் எட்டடி அப்படியே கிடக்கு. வாங்க, மண்வெட்டிய எடுங்க.

— கிடந்துட்டுப் போகுது. நாத்தனாரா வந்தா உக்காரு, தண்ணி தரேன். சங்கத்துச் செயலாளரா வந்தா அப்படியே திரும்பிப் போ.

— ஐயோ, உக்கார நேரமில்ல அண்ணி! தண்ணிக் குழாய் ஏத்தின லாரி தெருமுனையில நிக்குது. ஓவர்சியர் பன்னெண்டு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. பள்ளம் முழுசா இல்லேன்னா ஒரு குழாயக்கூட இறக்க மாட்டாராம். அடுத்த ஊருக்குக் கொண்டு போயிடுவாராம்.

— போகட்டுமே. அங்கயும் மனுஷங்கதான இருக்காங்க.

— என்ன அண்ணி இப்படிப் பேசுறீங்க! நாலு வருஷமா இதுக்காக நான் நாயா அலைஞ்சது உங்களுக்குத் தெரியாதா?

— ஆமாம்மா, மனு எழுதின, கூட்டம் போட்ட, எல்லாம் கிழிச்ச. என் வாசல்ல மட்டும் கை வைக்காத.

— குழாய் சர்க்காரோடது, பள்ளம் நம்மளோடது. வீட்டுக்கு எட்டடி. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் வெட்டக் கூடாதுன்னு நாமதான தீர்மானம் போட்டோம்? அதை என் கையாலயே எழுதித் தொலைச்சேன். உங்களுக்கு முடியலேன்னா சொல்லுங்க, ஊர்க்காரங்க கால்ல விழுந்தாவது நானே வெட்டுறேன்.

— ஒரு தடவ சொன்னா உனக்கு ஏறாதாடி? நீயும் வெட்டக் கூடாது, நானும் வெட்ட மாட்டேன். வீட்டுக்குப் பின்னால கொண்டு போங்க.

— பின்னால முழுக்கப் பாறை. அதுவும் இல்லாம, நீங்களே சம்மதிச்சதுதான அண்ணி! தரையில சுண்ணாம்புப் பொடியால ஊரை வரையச் சொல்லி, வீட்டுக்கு ஒரு கூழாங்கல் வச்சு, குழாய் வர்ற வழிக்குக் கோடு போட்டு, எல்லாருக்கும் சரிதானான்னு மூணு தடவ கேட்டேன். முதல்ல கை தூக்கினதே நீங்கதான்.

— தூக்கினேன்தான். கொல்லைப் பக்கமாப் போகுதுன்னு நினைச்சுத் தூக்கினேன். ஆம்பளைங்க ஒரு பக்கம் நின்னு வரைஞ்சாங்க. எங்களை எதிர்ப்பக்கம் உக்கார வச்சீங்க. எங்களுக்கு ஊரே தலைகீழாத் தெரிஞ்சுது. கூழாங்கல்லுக்கு ஏதுடி வாசல், ஏது கொல்லை? நேத்து என் வாசல்ல கயிறு கட்டினப்பதான் கோடு எங்க போகுதுன்னே எனக்குப் புரிஞ்சுது.

— அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா? படம் பாக்கத் தெரியாதவன்னு ஊரே சிரிக்கும். நீயும் சேந்து சிரிப்ப.

— செயலாளரம்மா! உள்ளதான இருக்கீங்க? மணி பதினொண்ணே முக்கால். நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும், புரியுதா?

— அஞ்சே நிமிஷம் ஓவர்சியர் சார்! கையெடுத்துக் கும்பிடுறேன்.

— என்னைக் கும்பிட்டு என்னம்மா ஆகப் போகுது? ஒரு வீடு ஒத்துழைக்கலேன்னாலும் ஊர் ஒத்துழைக்கலேன்னுதான் நான் எழுதணும். என் கையில எதுவும் இல்ல, புரியுதா?

— கேட்டீங்களா அண்ணி? நூத்திப் பத்து வீட்டு ஜனமும் உள்ளங்கை கொப்பளிச்சுப் போய் வெளிய நிக்குது. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அண்ணன் சூளையிலேருந்து வந்து திட்டுவாருன்னு பயமா?

— உங்கண்ணன் என்ன திட்டுறது. அங்க முதல்ல தோண்டினதே அவருதான்.

— அங்கயா? எதுக்கு?

— வாசலுக்கு இடது பக்கம் நாலு கல்லு அடுக்கி வச்சிருக்கேன்ல. அங்க என் பொண்ணு இருக்கா.

— அண்ணி…

— ஆஸ்பத்திரியிலயே ஒப்படைச்சிட்டோம்னு உன்கிட்டயும்தான் சொன்னோம். மனசு வரலடி. துணியில சுத்தி மடியில வச்சு பஸ்லயே கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி, அழவே இல்லையே, ரொம்ப சமத்துன்னு சொன்னா. ஆமான்னேன். இடுகாட்டுக்குக் கொண்டு போறேன்னாரு உங்கண்ணன். நான்தான், கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு அவரு காலைப் புடிச்சேன். இந்த ஒன்பது மாசத்துல ஒரு நாள் அந்த இடத்தை நான் மிதிச்சதில்ல. இப்ப அவ மேல கடப்பாரைய இறக்கச் சொல்றியா?

— ஐயோ, எனக்குத் தெரியாதே! சத்தியமாத் தெரியாது அண்ணி. குழாயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நான் போய்ச் சொல்லிடறேன். ஊர் என்னைக் காறித் துப்பட்டும்.

— நில்லு. ஏன் சுவத்தப் புடிக்கிற?

— ஒண்ணுமில்ல. வெயில்ல நின்னேன்ல, தலை சுத்துது.

— காலையில வேலி ஓரமா வாந்தி எடுத்ததும் வெயிலுக்குத்தானா? எத்தனை மாசம்?

— விடுங்க அண்ணி.

— கேக்குறேன்ல?

— நாலு.

— நாலு மாசமா எங்கிட்டயே மறைச்சு வச்சிருக்கியா?

— எந்த முகத்தோட உங்ககிட்ட வந்து சொல்லுவேன்? நீங்க இப்படி உக்காந்திருக்கும்போது…

— போடி பைத்தியக்காரி. என்ன தண்ணி குடிக்கிற?

— குட்டைத் தண்ணிதான், வேற எது இருக்கு? விறகு கிடைச்சா காய்ச்சுவேன். கிடைக்கலேன்னா அப்படியேதான்.

— நானும் அதைத்தான் குடிச்சேன். எட்டாம் மாசம் கண்ணு மஞ்சளாச்சு. தண்ணியால வந்த காமாலைன்னு நர்ஸம்மா சொன்னாங்க. மூணாம் நாள் வயித்துக்குள்ள அசைவே இல்ல.

— அந்தப் பயத்துலதான் அண்ணி நான் இப்படி லோலோன்னு அலையுறேன். தினமும் கண்ணாடியில கண்ணைத்தான் பாத்துக்கிறேன். தண்ணி எடுத்து வாயில வைக்கவே பயமா இருக்கு. வைக்காம எப்படி இருக்கிறது?

— டைம் ஆயிடுச்சும்மா! டிரைவர், வண்டிய எடுப்பா!

— சரி சார், போங்க! அண்ணி, அவங்க போகட்டும். நீங்க அழாதீங்க.

— யோவ் ஓவர்சியரு! வண்டிய நிறுத்துய்யா! என் பங்கு எட்டடிய நானே எடுக்கிறேன்!

— வேண்டாம் அண்ணி, சொன்னாக் கேளுங்க…

— ரொம்ப ஆழமில்லடி, அவளைக் கையாலயே தோண்டி எடுத்துக்கிறேன். நீ உள்ளயே இரு. மாசமா இருக்கிறவ இதைப் பாக்க வேண்டாம்.