அறுநூறு வருஷம் கழித்து வந்த துக்கம்

...கொஞ்சம் பொறுங்க. விழாத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரியுது. இருந்தாலும் பேச்சை இப்படி ஓரமா நிறுத்தி வச்சிட்டு, ஒரு குட்டிக் கதையைச் சொல்லிடறேன். நடுவுல கொஞ்சம் குழம்பும். கவலைப்படாதீங்க... கதையில வர்றவங்களே குழம்பினவங்கதான்.

எங்க பக்கத்துல கோழிக்கடை கருத்தப்பாண்டின்னு ஒருத்தர். அவர் மக மாலையம்மாள், காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்குப் படிச்சுது. எதைப் பத்தி? இங்கிலாந்துல அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு கவிஞரைப் பத்தி. பேரு என் வாயில நுழையாது, விட்டுடுங்க. கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளி வச்சிட்டு அந்த மனுஷனோடயே கிடந்துச்சு பிள்ளை. கடைசியா வாய்மொழித் தேர்வு. வெளியூர்ல இருந்து ஒரு பெரிய புரொபசர் வந்து, எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்பார். அவர் சரின்னாதான் பட்டம். இல்லேன்னா இத்தனை வருஷம் எழுதினது வீண்.

இப்ப நம்ம வழக்கம் என்ன? பிள்ளைக்கு ஒரு விசேஷம்னா தாய்மாமன் பேனர் வைக்கணுமா இல்லையா? காதுகுத்துக்கு வச்சோம், சடங்குக்கு வச்சோம்... டாக்டர் பட்டத்துக்கு விட்டுடுவோமா? தாய்மாமன் பேச்சிமுத்து, அந்தக் கவிஞர் படத்தை அனுப்பிட்டு, பேனர் கடைக்குப் போன் போட்டார்.

"ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. தாடி வச்ச பெரியவர். அவரைப் பெருசாப் போடு. பொறந்த வருஷம், இறந்த வருஷம் போடு. கீழ மாலையம்மாள் படமும் நம்ம குடும்பத்துப் பேரு அத்தனையும் வரணும். விடிஞ்சதும் காலேஜ் வாசல்ல கட்டிடு."

கடைக்காரர் என்ன பண்ணுவார், நீங்களே சொல்லுங்க. தாடி வச்ச பெரியவர்... பொறந்த வருஷம்... இறந்த வருஷம்... கீழ குடும்பத்தார் பேரு... ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வச்சு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'ன்னு போட்டு, வாசல்ல கட்டிட்டுப் போயிட்டார். மாலையம்மாள் படமும் இருந்துச்சு. கீழ் மூலையில, செத்தவரோட பேத்தி மாதிரி.

காலையில தாய்மாமன் வர்றதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்க வேன்ல வந்து இறங்கினாங்க. பார்த்தாங்க. அப்படியே நின்னுட்டாங்க.

"யாருய்யா போனது?"

"தெரியலையே. ஆனா நம்ம பேரெல்லாம் போட்டிருக்கு."

"மறைவு ஆயிரத்து நானூறுன்னு இருக்கே?"

"அச்சுல தப்பு விட்டிருப்பான். நேத்துதான் போயிருப்பாரு."

ஆம்பளைங்க துண்டை இடுப்புல கட்டி வரிசையா நின்னாச்சு. உச்சிமாகாளி அத்தை, கருத்தப்பாண்டிக்கு அக்கா, உடனே ஆள் அனுப்பி மாலை வாங்கிட்டாங்க. அந்த நேரம் பார்த்துக் கார் வருது. புரொபசர் இறங்குறார். சிரிச்ச முகமா, "வணக்கம்"ங்கிறார்.

துக்கம் நடந்த இடத்துல யாராவது 'வாங்க'ன்னு சொல்வாங்களா? துக்கம் விசாரிக்கிற முறையில வரிசையா வந்து அவர் கையைத் தொட்டாங்க. ஒரு பெரியவர் மட்டும் காதுகிட்ட, "மனசைத் தேத்திக்கோங்க... நம்ம கையில என்ன இருக்கு"ன்னார். கார்ல வந்ததால நெருங்கின சொந்தம்னு நினைச்சிட்டாங்க, பாவம்.

புரொபசர் நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். முகம் சிவந்துபோச்சு. எவ்வளவு பெரிய கவிஞர், அவரை வச்சுக் கேலியா? விறுவிறுன்னு உள்ள போய் உட்கார்ந்தார். கேட்டார் பாருங்க கேள்வி, அத்தனையும் இங்கிலீஷ்ல. "இந்தக் கவிஞரால் உலகத்துக்கு என்ன ஆச்சு?" ஜன்னல் வழியா பேனரைப் பார்த்த பிள்ளைக்குப் பயம் வந்துடுச்சு. மனப்பாடம் பண்ணின பதிலை முன்னும் பின்னுமா மாத்திச் சொல்லுது. புரொபசர் அது எழுதின ஆய்வேட்டை மூடி வச்சிட்டார். திரும்ப எழுதிட்டு வரச் சொல்லப் போறார்... எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு.

கடைசியா, வழக்கப்படி, "சபையில யாராவது கேட்கணும்னா கேட்கலாம்"னாங்க.

அத்தை எழுந்தாங்க, கையில மாலையோட.

"ஏட்டி மாலையம்மா, போனவரு நமக்கு என்ன முறை? அதைச் சொன்னாத்தானே என்ன சொல்லி அழுறதுன்னு எனக்குத் தெரியும்?"

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பயம் போச்சு.

"முறை இல்ல அத்தை. அவர் செத்து அறுநூறு வருஷம் ஆச்சு. அப்போ அவங்க ஊர் அரண்மனையில பிரெஞ்சு பேசினாத்தான் மதிப்பு. கோயில்ல லத்தீன். இங்கிலீஷ் பேசுறவங்கன்னா சந்தைக்கூட்டம்."

"எது... இங்கிலீஷா மட்டம்?"

"ஆமா அத்தை."

"நிசமாவா சொல்ற?"

"நிசமா. இவருக்கு பிரெஞ்சு தெரியும், லத்தீன் தெரியும், நட்சத்திரக் கணக்குகூடத் தெரியும். ஆனா கதை சொல்லணும்னு வந்தப்போ, சந்தையில பேசுற பேச்சை எடுத்துக்கிட்டார். மாவு அரைக்கிறவன், சமைக்கிறவன், எல்லாரும் அவங்கவங்க வாயாலயே பேசுவாங்க. அதைப் பார்த்துத்தான் பின்னாடி வந்தவங்களுக்குத் தைரியம் வந்துச்சு. நாம பயந்து பயந்து படிக்கிற இங்கிலீஷுக்கு இவரும் ஒரு கடைக்கால் போட்டவர்."

அத்தை யோசிச்சாங்க.

"அப்ப பெரியப்பா முறைன்னே வச்சுக்கிறேன். இம்புட்டு நல்லவரு போனதுக்கு, நமக்கு ஒரு தகவல் சொல்லலையே யாரும்."

புரொபசர் ஆய்வேட்டைத் திரும்பத் திறந்தார். "இதைத்தானேம்மா நான் இவ்வளவு நேரமா கேட்டேன்?"ன்னார். கையெழுத்துப் போட்டார். பிள்ளைக்குப் பட்டம்.

மாலை யார் கழுத்துலன்னு கேட்காதீங்க. துக்கத்துக்கு வாங்கின மாலையை உசிரோட இருக்கிறவங்களுக்குப் போட முடியுமா? பேனருக்குத்தான்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். பிள்ளை டீச்சர் முன்னாடி நம்ம பேச்சுல பேசிட்டா தொடையில கிள்றீங்களே, தாய்மாரே... அந்தக் கடைசி வரிசை, உங்களைத்தான்... எந்தப் பாஷைக்காகக் கிள்றீங்க? ஒரு காலத்துல சொந்த ஊர்லயே மதிப்பு இல்லாம நின்ன பாஷைக்காக. அதைப் படிக்க வேண்டாம்னா சொல்றேன்? படிங்க. அந்த மனுஷன் மாதிரி நாலு பாஷை படிங்க. படிச்சதைக் கொண்டுவந்து அத்தைகிட்ட, அத்தை பேச்சுல சொல்லுங்க. சொல்லிப் பாருங்களேன்... கடல் தாண்டிக் கிடக்கிறவரைக் கூட நம்ம சனம் பெரியப்பான்னு கூப்பிடும்.