வலது நெற்றிப்பொட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி

மேலே குறிக்கப்பட்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது இருபத்தைந்து. முதுநிலை அறிவியல் படித்திருக்கிறேன். மணமாகவில்லை. அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறார், அம்மா தையல் ஆலையில் பட்டன் வைக்கும் பிரிவில் இருக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். என் மீது புகார் கொடுத்திருக்கும் பேராசிரியரின் மூளை ஸ்கேன் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அவரை நாங்கள் மேடம் என்று அழைப்போம். ஒரு நோயாளியின் ஸ்கேன் படத்தை நான் மாற்றினேன் என்பதும், அவருடைய கணவரிடம் பொய் சொல்லிப் பயமுறுத்தினேன் என்பதும் புகார் என்று அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார்.

மறதி நோயில் மூளை வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போகும். நினைவைக் காக்கும் ஒரு பகுதி, சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், அதுதான் முதலில் சுருங்கும். ஒரு புதிய மாத்திரை அந்தச் சுருக்கத்தை நிறுத்துகிறதா என்று பார்ப்பதே மேடத்தின் ஆராய்ச்சி. என் வேலை இரண்டு. ஸ்கேனுக்கு முன் நோயாளியின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் கேப்ஸ்யூலைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவேன். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், எது வலப்பக்கம் என்ற குழப்பம் வராது. அதன்பிறகு கணினியில் அந்தச் சுண்டுவிரல் பகுதியின் ஓரத்தை ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து அளவு எடுப்பேன். அப்பா இதைக் கிடங்கில், "எம் பொண்ணு மண்டையத் தொறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவா" என்று சொல்லிக்கொள்வார்.

எங்கள் நோயாளிகளில் ஒருவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். டீச்சரம்மா என்போம். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முதல் ஸ்கேனில் டீச்சரம்மா அசையாமல் படுத்திருந்தார், கேப்ஸ்யூலும் நெற்றிப்பொட்டில் இருந்தது, படம் கண்ணாடிபோல் வந்தது. அதன்பிறகு மாத்திரை தொடங்கினார்கள். அடுத்த வருடம் இரண்டாவது ஸ்கேனுக்கு வந்தபோது நான் ஒட்டிய கேப்ஸ்யூலை அவர் பிய்த்தெடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார். "இந்த மிட்டாய் ஊசிப்போச்சு, கடக்காரன்கிட்ட திருப்பிக் குடு" என்று என்னிடம் சொன்னார். டப்பாவில் அதுதான் கடைசி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் அண்ணன், "ஒரு தடவ இல்லாம எடுத்தா குடி முழுகிடாது, விடும்மா" என்றார். கேப்ஸ்யூல் இல்லாமலே அவரை உள்ளே அனுப்பினோம். இயந்திரம் டக்டக்கென்று தட்டத் தொடங்கியதும் டீச்சரம்மா, "யாரது பின் பெஞ்சில சத்தம்?" என்று கேட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஸ்கேன் முடியும்வரை அவர் தலை ஒரு நிலையில் நிற்கவில்லை. மேடம் அன்று வெளியூரில் இருந்தார்.

அதன்பிறகு சில வாரங்கள் கழித்து, அளவெடுப்பதற்காக அந்த இரண்டாவது ஸ்கேன் என் கணினிக்கு வந்தது. படம் தெளிவாக இருந்தது. வலது நெற்றிப்பொட்டில் வெள்ளைப் புள்ளி இருந்தது. வேறு ஒருவருடைய படம் மாறி வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு டீச்சரம்மாவின் முதல் ஸ்கேனைத் திறந்து இதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதே படத்தைச் சற்றுச் சாய்த்திருந்தார்கள், அவ்வளவுதான். சாய்வை நேராக்கியதும் ஒவ்வொரு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த படம் ஒருவருக்கும் அப்படி உட்காராது.

எனக்கு முதல் சந்தேகம் டெக்னீஷியன் அண்ணன் மேல்தான் வந்தது, ஏனென்றால் படங்களை இயந்திரத்திலிருந்து கணினிக்கு அனுப்புபவர் அவர். கேப்ஸ்யூலைப் பற்றி எதுவும் பேசாமல், டீச்சரம்மா படம் எப்படி வந்தது அண்ணா என்று மட்டும் கேட்டேன். "கலங்கின குட்ட மாதிரி வந்துச்சு. மேடம்கிட்ட சொன்னேன், அனுப்பு நான் பாத்துக்கறேன்னாங்க. ஏன் கேக்கற?" என்றார். தெளிவாக இருக்கிறதே என்றேன். அவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் முதல் விடுப்பில் போய்விட்டார்.

அவர் போன அன்றே மேடத்தின் அறைக்குச் சென்றேன். எனக்குப் பெரியவர்கள் முன் பேச வராது, அதனால் சொல்ல வேண்டியதை வாசலிலேயே இரண்டு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். டீச்சரம்மாவுக்கு அன்று கேப்ஸ்யூல் ஒட்டவில்லை, ஆனால் படத்தில் இருக்கிறது என்றேன். மேடம் என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. "ராப்பகலா ஸ்கிரீனப் பாத்தா புள்ளி புள்ளியாத்தான் தெரியும். கண் டாக்டரப் போய்ப் பாரு, செலவு நான் தரேன்" என்றார். குரல் அன்பாகவே இருந்தது.

மறுநாள் அதே படத்தைத் திறந்தேன். வெள்ளைப் புள்ளி இல்லை. அது இருந்த இடத்தில் நெற்றிப்பொட்டின் தோலும் சேர்ந்து அழிந்து, நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு பள்ளம் இருந்தது. புள்ளியைப் பற்றி நான் சொன்னது மேடத்திடம் மட்டும்தான்.

மாற்றங்கள் எல்லாம் உன் பெயரில்தானே பதிவாகியிருக்கின்றன என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: படம் வரையும் மென்பொருள் ஒருவர் பெயரில் மட்டும் திறக்கும், அது என் பெயர். காலையில் நான் திறப்பேன், கடைசியாகப் போகிறவர் மூடுவார், இடையில் மேடம் உட்பட யார் உட்கார்ந்தாலும் என் பெயரிலேயே வேலை செய்வார்கள். நான் சேர்வதற்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில் செய்தாயா என்று கேட்டதற்குச் சொல்வது: அப்படி ஒரு பதவி இருப்பதே புகாரைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு அந்த வாரமே ஓட்டுநர் ஐயா மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். டீச்சரம்மாவின் முழங்கையிலும் தாடையிலும் காயம் இருந்தது. "மாத்திர போட்டா நிக்க மாட்டேங்கறா மேடம், தல சுத்தி விழறா. சாப்பாடு உள்ள போனா வெளிய வருது. நிறுத்திடலாமா?" என்று கேட்டார். மேடம் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். "பாருங்க, துளிகூடச் சுருங்கல. இப்ப நிறுத்தினா கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடும்" என்றார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மேடத்துக்கு நன்றி சொன்னார். மனைவியிடம், "பாத்தியா, நீ கெட்டிக்காரி" என்றார்.

நான் மருந்து அறைக்கு வழிகாட்டுவதற்காக அவர்களுடன் நடந்தேன். அந்த நடையில் வைத்துத்தான் சொன்னேன். "ஐயா, ரெண்டாவதா காட்டினது புதுப் படம் இல்ல. அம்மாவோட பழைய படம்தான்." அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் நின்றார். "வண்டி பின்னால உருளுதுன்னு எனக்கு உடம்புல தெரியுது. முன்னால போகுதுன்னு கண்ணாடியில காட்டுறாங்களா?" என்று கேட்டார். மருந்து அறைக்குப் போகாமல் அவர் மனைவியின் கையைப் பிடித்துப் படியிறங்கினார். ஐயா மேடத்துக்குத் தொலைபேசியில் பேசியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த நாள் என் அடையாள அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாள் இந்தப் புகார் வந்தது.

அன்று எடுத்த அசல் ஸ்கேன் இயந்திரத்தின் உள்ளே இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இடம் நிறைந்தால் பழையதை அது தானாக அழித்துவிடும். அதனால் இயந்திரத்தை இன்றே முத்திரையிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னையும் நம்ப வேண்டாம், மேடத்தையும் நம்ப வேண்டாம். வேறோர் இடத்தில், வேறு ஆட்களைக் கொண்டு டீச்சரம்மாவுக்குப் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று ஐயா அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார். அதுவரை மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம் என்று சற்றுமுன் இந்தக் காவல் நிலைய வாசலில் என்னிடம் சொன்னார். டீச்சரம்மாவும் அங்கே பெஞ்சில் இருக்கிறார். நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, "ஏன் லேட்டு?" என்று கேட்டார்.

நான் சொன்னது எழுதப்பட்டபின் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படத்தை மேடம் மாற்றினார் என்று எழுதியிருந்த இடத்தில், மாற்றியதை நான் கண்ணால் பார்க்கவில்லை என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. புதிய ஸ்கேன் எடுப்பவர்களுக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், அதுவும் சேர்க்கப்பட்டது: கேப்ஸ்யூலை நெற்றிப்பொட்டில் ஒட்ட வேண்டாம், ஒரு துணித் தொப்பிக்குள் வலப்பக்கம் வைத்துத் தைத்துவிடவும், இல்லையென்றால் அவர் தின்றுவிடுவார். மற்றவை அனைத்தும் நடந்தது நடந்தபடி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை.

(வாக்குமூலம் அளித்தவரின் கையொப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(விசாரணை அதிகாரியின் கையொப்பம்)